நாலாம் மாடிக்கு ஏறிய அழுத்தம்

அண்ணனின் சிவப்புக் காரில் பெட்ரோல் அழுத்தம் விழுந்த அதே நொடியில், மூன்று தெரு தள்ளி நாலாம் மாடியில் குடியிருந்த முள்ளக்காவின் சமையலறைக் குழாய் சீறிக் கிளம்பி, அவள் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கூரையில் கொண்டுபோய் ஒட்டியது. தட்டு பதினோரு நிமிடம் அங்கேயே இருந்தது. அதுவரை அந்தக் குழாயில் தண்ணீர் நூல் பிடித்தாற்போலத்தான் வரும். ஒரு வாளி நிறைவதற்குள் ஒரு பிள்ளை ஒண்ணாம் வகுப்பே முடித்துவிடும் என்று கீழ்வீட்டார் சொன்னது கொஞ்சம் அதிகம். அரைப் பரீட்சை வரைக்கும்தான் போகும்.

முள்ளக்கா என்பது பட்டப்பெயர். அண்ணனின் பட்டறையில் வேலை செய்த காலத்தில், மீட்டர் முள் சொல்வதைத் தவிர பெற்ற தாய் சொல்வதைக்கூட நம்பமாட்டாள் என்பதால் வந்தது. அண்ணன் நேர்மாறு. வண்டி இருமினால் ஒரு பாகம், தும்மினால் ஒரு பாகம் என்று மாற்றிக்கொண்டே போவான். அளந்து பார்ப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். ஏழு வருடத்துக்கு முன் ஒரு பந்தயத்தன்று காலையில், அவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேளாமல், எஞ்சினின் பசிக்குப் பத்தாத சின்ன பெட்ரோல் பம்ப் ஒன்றை மாட்டினான். மூன்றாம் சுற்றில் எஞ்சின் வெடித்தது. ஊரே சூழ்ந்து நிற்க, கையைத் துடைத்துக்கொண்டு, "என் தங்கச்சி மாட்டின பம்ப். பொம்பளைய நம்பினது என் தப்பு" என்றான். அன்றிலிருந்து அவளை நம்பி ஒருவரும் ஒரு சைக்கிளைக்கூட விடவில்லை. வீட்டிலேயே மின்விசிறியும் தையல் மெஷினும் பழுதுபார்த்தாள். அந்த ஏழு வருடமும் அவள் துணியைக் கொடியில் காயப்போட்டதே கிடையாது; உடுத்திக்கொண்டால் உடம்பின் கோபத்திலேயே உலர்ந்துவிடும்.

அண்ணன் புதிதாக வாங்கிய சிவப்புக் காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற அந்தச் சாதனம் ஊளையிட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஊளை உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் வண்டி பெட்ரோல் பத்தாமல் ஒரு இருமல் இருமியது; அந்த இருமலோடு முள்ளக்கா வீட்டுக் குழாய் சீறியது. ஒரு வாரம் கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தாள். ஒரு நொடி பிசகவில்லை. அழுத்தம் எங்கேயும் தொலைவதில்லை, இடம்தான் மாறும் என்பது அவளுக்குத் தெரியும். வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது என்று குழாயோடு ஒரு ரப்பர் டியூபை இணைத்து மொட்டைமாடித் தொட்டியில் விட்டாள். கட்டிடம் முழுக்கத் தண்ணீர். அண்ணன் பம்பை மூன்று முறை மாற்றினான், ஃபில்டர் மாற்றினான், இன்ஜெக்டர் மாற்றினான். ஒவ்வொரு புதுப் பம்புக்கும் குழாயின் வேகம் கூடியதே தவிர, காரின் இருமல் நிற்கவில்லை. அவன் சலித்து ஒரு நாள் வண்டியை எடுக்காவிட்டால் இரண்டாம் மாடிக்காரர் துண்டோடு படியேறி வந்துவிடுவார். "என்னக்கா, உங்க அண்ணன் இன்னிக்கு லீவா? தலை பூரா சோப்பு."

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வெள்ளிக்கிழமை அண்ணன் நாலு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க நின்றான்.

"நீ ஒரு தடவை வந்து பாரேன்மா."

"எனக்கு என்னண்ணே தெரியும். பம்ப் மாட்டவே தெரியாதவளாச்சே."

"பழசையெல்லாம் கிளறாதே."

"நான் எங்க கிளறினேன். மூடி வச்சது நீ, நாறுதுன்னு சொன்னது ஊரு" என்றபடி மீட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டறையில் வேலையாட்கள், வாடிக்கையாளர்கள், வேடிக்கைக்காரர்கள் என்று நாற்பது பேர் இருந்தார்கள். பிற்பாடு நானும் இருந்தேன் என்றவர்கள் நானூறு. மீட்டரைப் பெட்ரோல் குழாயில் மாட்டினாள். வண்டி நின்றபடி உறுமினால் முள் அறுபதில் ஆணியடித்தாற்போல நின்றது. அண்ணன் சோதித்ததெல்லாம் அப்படித்தான், நிழலில் நிறுத்திவைத்து. அவள் காரை ரோலர் மேல் ஏற்றிக் கட்டச் சொன்னாள். சக்கரம் அங்கேயே சுழல, அண்ணன் ஆக்சிலரேட்டரை மிதிக்க, ஊளை ஏற ஏற, கூடவே ஏற வேண்டிய முள் நாற்பதுக்குச் சரிந்தது. பானெட்டுக்குள் குனிந்து சோப்புத் தண்ணீர் தொட்டுத் தடவினாள். எஞ்சினிலிருந்து அழுத்த ரெகுலேட்டருக்குப் போகிற பென்சில் தடிமன் ரப்பர் குழாயில் மயிரிழை விரிசல். காற்று அமுங்கும்போது மட்டும் வாய் திறந்து நுரை தள்ளியது. எத்தனை காற்று வருகிறது, அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டு என்று ரெகுலேட்டருக்குச் சேதி சொல்கிற குழாய் அது. விரிசலை அவளைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. அவள் கட்டைவிரலை விரிசல் மேல் வைத்து அழுத்தினாள். முள் எழுபதுக்குப் போனது.

"சரியாயிடுச்சு" என்றான் அண்ணன், மிதித்த காலை எடுக்காமல்.

"அன்னிக்கு அந்தப் பம்ப் யாருண்ணே மாட்டினது?"

"அது... நாம ரெண்டு பேரும்தான்."

விரலை எடுத்தாள். முள் விழுந்தது, வண்டி இருமியது. கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

"பம்ப் நான் வாங்கினேன். மாட்டினது..."

மறுபடி இருமல். வண்டிக்கே பொறுக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் கும்பிடு போட்டார். அண்ணனின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

"நான்தான் மாட்டினேன். சின்ன பம்ப். அவ வேணாம்னு கால்ல விழாத குறையா சொன்னா. பழிய அவ தலையில போட்டேன். போதுமா?"

விரல் உட்கார்ந்தது. முள் எழுபதைத் தாண்டி நிற்க, வண்டி போட்ட சத்தத்தில் பட்டறைச் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது. ஏழு வருடத்தில் முதல்முறையாக முள்ளக்காவின் சேலை உடம்பில் குளிர்ந்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு, மீட்டரைக் கழற்றினாள்.

"கோளாறு என்னன்னு சொல்லிட்டுப் போம்மா."

"அளந்து பாருண்ணே" என்று நடையைக் கட்டினாள்.

அவன் அளக்கவில்லை. பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தான். திங்கட்கிழமை முதல் அவள் கட்டிடத்தின் முன்னால் தெருக்கோடி வரை கார்கள் வரிசைகட்டின. சிவப்புக் காரில் அவன் இதுவரை டேங்க், ஒயர், சீட், நாலு கதவு, ஹாரன் எல்லாம் மாற்றிவிட்டான். தினமும் பத்தரைக்கு ஓட்டிப் பார்க்கிறான். போன வருடம் தண்ணீர் இலாகா ஆய்வாளர் வந்து, மோட்டாரே இல்லாமல் மொட்டைமாடித் தொட்டி வழிவதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குடியிருப்போரை விசாரித்தார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். படிவத்தில் கிணறு, ஆழ்குழாய், பொதுக்குழாய் என்று அச்சிட்டிருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, நீர் ஆதாரம் என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.