பதினோராவது டேக்

பெட்டியின் தலைமாட்டில் வைக்க ஒரு போட்டோ வேண்டும் என்று அமரர் ஊர்தி வண்டிக்காரர் வாசலிலிருந்து மறுபடியும் கேட்டபோது, அக்கா தம்பியின் மேசை இழுப்பறையை அப்படியே உருவிக் கட்டிலில் கவிழ்த்தாள். அம்மாவுக்கு போட்டோவே கிடையாது. யாராவது கேமராவைத் தூக்கினால், என் மூஞ்சியில என்ன புதையலா இருக்கு என்று திரும்பிக்கொள்கிறவள். தம்பி திரைப்படக் கல்லூரியில் சேர்ந்தபின் அவனுக்காக மட்டும் நின்றாள். 'டைரக்டர்' என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அம்மாவை அம்மாவாகவே நடிக்கவைத்து அவன் எடுத்த பன்னிரண்டு நிமிடப் படத்துக்குக் கல்லூரியில் முதல் பரிசு.

கட்டிலில் விழுந்தது அந்தப் படத்தைப் பற்றி அவன் எழுதிய கட்டுரை. ஊடகக் கோட்பாட்டின்படி ஒவ்வொருவரும் யார் என்று வகைபிரித்திருந்தான். மேற்பார்வையாளர், எதிர்நாயகன். தொழிற்சங்கத்துக்காரர், உதவியாளர். அம்மா, பாதிக்கப்பட்டவள். 'இவளுக்குப் பெயர் தேவையில்லை. இவள் ஒரு வகைமாதிரி. இவளது மௌனமே ஒடுக்குமுறையின் மொழி.'

மௌனமாம். மேற்பார்வையாளருக்குக் 'கஞ்சிபோட்ட காலர்' என்று பட்டம் வைத்து, அந்த ஆள் காதுபடவே கூப்பிட்டவளுக்கு.

கடைசித் தாளைப் புரட்டினாள். 'இருமல் ஒரு குறியீடு. சலவைக்கூடம் அவள் உடலுக்குள் குடியேறிவிட்டதை அது உணர்த்துகிறது.' பக்கத்தில் ஆசிரியரின் சிவப்பு மையில், 'அருமை.'

அந்தப் படம் எடுத்து எட்டு மாதமாகிறது. அந்த இருமல்தான் நேற்று அம்மாவைக் கொண்டுபோனது.

தம்பி லேப்டாப்போடு வந்தான். படத்தின் கடைசிக் காட்சியிலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றான். இஸ்திரி மேசைமேல் குனிந்த தலை, பாதி முகம் நிழலில்.

"எத்தன தடவடா இரும வச்ச?"

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தான்.

"பதினோரு டேக்."

"ஒரு தடவையாவது டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டியா?"

"நல்லா நடிக்கிறாங்கன்னு நெனச்சேன்க்கா."

ஓங்கி ஒன்று வைக்கத்தான் கை எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது. திரையிட்ட அன்று அந்த இருமலுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலில் கைதட்டியவள் அவள்தான். உள்ளங்கை இப்போது எரிந்தது.

படத்தில் சேர்க்காமல் ஒதுக்கியதையெல்லாம் போடச் சொன்னாள். ஒவ்வொன்றிலும் அம்மா இருமினாள். பதினோராவதில் இருமி முடித்து, வாயைத் துடைத்து, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தாள். "போதுமா டைரக்டர்? இன்னும் ரெண்டு இருமல் போட்டுத் தரவா?" அதற்குள் கிளாப் பலகை குறுக்கே வந்தது. பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று அதற்குக் குறிப்பு எழுதிவைத்திருந்தான்.

"இத எடு."

"பலகை மறைக்குதேக்கா. வெட்டிடவா?"

"ஒண்ணையும் வெட்டாத."

தெருமுனைக் கடையில் அச்சடித்து அவன் ஓடிவந்தபோது தாளில் இன்னும் சூடு இருந்தது. பலகையில் சாக்பீஸால் அவனுடைய கையெழுத்து. அதற்குமேல் அம்மாவின் ஒரு கண், சிரிப்பில் இடுங்கி.

வண்டிக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, கீழே பேர் போடலையா என்று கேட்டார்.

அக்கா கட்டுரையின் கடைசித் தாளைக் கிழித்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதைச் சுவரில் வைத்து, அம்மாவின் பெயரை முழுசாக எழுதினாள். பேனா அழுந்தியதில், மறுபக்கத்துச் சிவப்பு மைமேல் ஓட்டை விழுந்தது.