இடைவேளை வரை பார்த்த படம்

சங்கரன்கோவிலில் மேட்னி ஷோ ஆரம்பித்தால் இடைவேளை விட நாலு மணி ஆகும். கருத்தப்பாண்டியின் ஊருக்குப் போகும் டவுன் பஸ் நாலேகாலுக்கு. அதை விட்டால் கரிசல் காட்டு வழியே நடைதான். அதனால் அவர் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததே கிடையாது. "சண்டையில எவன் செயிச்சா எனக்கென்னவே?" என்பார்.

அந்த இங்கிலீஷ் படத்தையும் அப்படித்தான் பார்த்தார். வரப்போகிற காலத்துக் கதை. பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். காதோரம் ஒரு குமிழ். தூங்கி எழுந்ததும் சுவர் கொள்ளாத கணக்கை மடமடவென்று போட்டுத் தள்ளுகிறார்கள். பாஷை புரியாதது கருத்தப்பாண்டிக்கு ஒரு குறையாகவே படவில்லை. பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார்.

அவருடைய ஒரே மகள் வள்ளித்தாய், பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். இரண்டாம் தடவை ரிசல்ட் வந்த அன்று, "செப்டம்பர்லயும் போச்சுன்னா சிவகிரி மாமனுக்கே உன்னைக் கட்டி வச்சிருதேன், பாத்துக்கோ" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டார். மாமனுக்கு வயது முப்பத்தைந்து. ஆத்திரத்தில் சொன்ன சொல்தான். ஆனால் அது சிவகிரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

துபாயிலிருந்து திரும்பித் தேரடியில் கேசட் கடை வைத்திருந்த சுலைமான், கருத்தப்பாண்டியின் கூட்டாளி. டேப் ரிக்கார்டரை இரவல் கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாட்டுப் பொட்டியில கணக்காவே? அப்ப எங் கடைப் பய இந்நேரம் பெரிய பாடகனா ஆயிருக்கணுமே!"

"படத்துல காட்டுதான்வே. நானா இட்டுக்கட்டிச் சொல்லுதேன்?"

டியூஷன் வாத்தியார் கைடைப் பார்த்து வாசிக்க, கேசட் நிறைந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் வள்ளித்தாய் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தலைமாட்டில், 'ஒரு செங்கோண முக்கோணத்தில்...' என்று வாத்தியார் குரல் ஓடும். முதல் நாள் முனகினாள். அப்புறம் வாயே திறக்கவில்லை. போகப் போக, பாயிலிருந்து எழுந்த பிறகும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்புவதில்லை.

"பாடம் உள்ள இறங்குதுட்டி" என்றார் மனைவி மாடத்தியிடம்.

"என்னத்த இறங்குதோ! எம் பிள்ளை என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கா" என்றாள் அவள்.

அது அவர் மனதில் முள்ளாகத் தைத்தது. மறுநாளே டவுனுக்குப் போனார். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை பஸ் போனால் போகட்டும் என்று இடைவேளைக்குப் பிறகும் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடிக்கு வெளியே தாய்மார்கள் நின்று பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளையும் திரும்பவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன, பாடம் ஓடியது. ஒருத்தி கண்ணாடியில் அறைந்து அறைந்து அழுதாள். தியேட்டரில் விசிலடித்தார்கள். கருத்தப்பாண்டி எழுந்துவிட்டார். வெளியே வந்தவர் ஊர்வரை எங்கும் நிற்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரம். முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வள்ளித்தாய் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி வள்ளி."

திரும்பவில்லை.

"மக்கா..."

முறம் மட்டும் ஆடியது. அவர் ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்தார். "அப்பாவைத் தெரியுதா மக்கா? நான் யாரு, சொல்லு!"

அவள் பதறிப்போய் இரண்டு காதிலிருந்தும் எதையோ பிடுங்கினாள். பஞ்சு.

"என்னப்பா? யாருக்கு என்ன?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எப்பருந்துட்டி இது?"

"ரெண்டாம் நாள்லருந்து. அந்தச் சத்தம் மண்டையக் குடைஞ்சுது. பொறவு, வாரவங்க போறவங்க எல்லாம் கல்யாணப் பேச்சே பேசுதாங்க. அதுவும் கேக்கண்டாம்னு அப்படியே வச்சுக்கிட்டேன்."

"அப்ப கணக்கு?"

"ஒண்ணும் தெரியாதுப்பா." அடுத்த வாரம் பரீட்சை. சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொன்ன அந்தப் படத்துல பிள்ளையளுக்குக் கடைசியில என்ன ஆச்சு?"

"தெரியல மக்கா. பாதியில எந்திச்சு வந்துட்டேன்."

அவள் பஞ்சை உருட்டித் திரும்பவும் காதில் வைத்துக்கொண்டு முறத்தை எடுத்தாள்.

மாடத்தி வாசலுக்கு வந்தாள். "சிவகிரியிலருந்து ஆள் வந்துட்டுப் போவுது. வெள்ளிக்கிழமை பூ வைக்க வரலாமான்னு கேக்காங்க."

"வரண்டாம்னு சொல்லு."

"தெருவே கேக்கச் சொன்னீங்களே!"

"தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். பாஸோ பெயிலோ, வரண்டாம்."

முறம் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. கேட்க வேண்டியவளுக்கு மட்டும் கேட்கவில்லை. இனி அவள் காதிலிருந்து அந்தப் பஞ்சை எடுக்க வைக்க வேண்டும். எடு என்று அவர் சொன்னால், அதுவும் கேட்காது.