நாற்பதடி உயரத்தில் வெறுங்கையோடு

கயிறு பிடிக்கும் தம்பிக்குக் காய்ச்சல். படுத்த இடத்திலிருந்தே அவன் ஒரு காரியம் செய்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மச்சானுக்குப் போன் போட்டுவிட்டான். "வேற யாரை நம்பிக்கா உன்னை மேல ஏத்துறது?" என்றான்.

படகுகளின் பாய்மரத்தில் ஏறிப் பழுது பார்ப்பது அவள் தொழில். ஏழு வருடம் கீழே நின்று கயிறு பிடித்தவன் அவள் கணவன்தான். எட்டு மாதத்துக்கு முன் கோபித்துக்கொண்டு பக்கத்து ஊர்ப் படகுப் பட்டறைக்குப் போய்விட்டான். எதற்குச் சண்டை என்பது இருவருக்குமே இந்நேரம் மறந்திருக்கும். யார் முதலில் பேசுவது என்ற வீம்பு மட்டும் சோறு போட்டு வளர்த்ததுபோல் வளர்ந்து நின்றது.

வந்தவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கயிறுகளைப் பார்த்தான். ஒன்று அவளைத் தூக்க. இன்னொன்று, தூக்கும் கயிறு அறுந்தால் தாங்க. இரண்டு முடிச்சையும் இழுத்துப் பார்த்தான். ஓரடி உயரத்தில் அவளைத் தொங்கவிட்டு உலுக்கிப் பார்க்கச் சொன்னான்.

"இளைச்சுட்டே."

"கயிறு சொல்லுச்சாக்கும்?"

"மூணு மணி பஸ்ஸுக்கு நான் போகணும்."

கயிறு சுற்றும் உருளையை அவன் சுற்றச் சுற்ற அவள் மேலே போனாள்.

உச்சியில் பாய்க் கயிறு ஓடும் கப்பி துருவேறி மக்கர் செய்தது. அதைக் கழற்றிப் புதியதை மாட்ட ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் அவளுக்குப் பயமே இல்லை. எட்டு மாதமாக வீட்டுத் தரையில் நடக்கவே பயமாக இருந்ததே, அது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. 'வீட்டுக்கு வாங்க' என்று சொன்னால் போதும். சொல்லாமல் புதுக் கப்பியைத் துடைத்தாள்.

வேலை முடிந்ததும் கருவிப் பையை முதலில் இறக்கிவிடுவது அவர்கள் வழக்கம். கீழே இருப்பவர் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். ஒரு சாமான் மேலே தங்கினாலும் என்றைக்காவது யார் தலையிலாவது விழும். கை பழகிய பழக்கம், அவளும் இறக்கிவிட்டாள்.

"ஸ்பேனர் ரெண்டு, குறடு ஒண்ணு, சுத்தியல் ஒண்ணு, பழைய கப்பி. எல்லாம் வந்துடுச்சு. இறக்கட்டுமா?"

இறங்கினால் போய்விடுவான்.

"இருங்க. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."

சொன்ன பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுங்கை. முகத்தில் அசடு வழிந்தது. அவன் காலடியில் கிடந்த பையைப் பார்த்தான். அண்ணாந்து அவளைப் பார்த்தான். "சரி" என்று கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டான்.

அவள் துடைத்த கப்பியையே விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, துறைமுகச் சுவருக்கு அப்பால் பஸ் திரும்புவது தெரிந்தது. கீழே நிற்பவனுக்கு அது தெரியாது. மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"உங்க பஸ் போகுது!"

"போகட்டும். நீ இன்னும் வேலை முடிக்கலையே."