மன்றத்துக்கு வெளியே ஒரு பெஞ்சு

தையல்காரம்மா நகர மன்ற உறுப்பினரானதே ஒரு வடிகாலுக்காகத்தான். மழை வந்தால் போதும், அவள் தெருவில் எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும். தையல் மெஷினைத் தூக்கித் தூக்கி மேசைமேல் வைத்து இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். "சரி, நானே போய் உட்கார்ந்து கேக்கறேன்" என்று தேர்தலில் நின்றாள், ஜெயித்தும் விட்டாள்.

ஜெயித்து என்ன? இரண்டு வருடமாக வடிகால் தோற்றுக்கொண்டே வந்தது. எதிராக முதல் கை தூக்குபவர் இரும்புக்கடைக்காரர். அவருடைய வட்டாரத்துச் சந்தைக்குக் கூரை வேண்டும். இருக்கிற நிதியில் ஒரு வேலைதான் நடக்கும்.

இந்த வருடம் அலையாய் அலைந்து, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஆறு பேரைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள். அவளோடு ஏழு, எதிரில் ஆறு. அப்பாடா!

தீர்மானம் வந்ததும் இரும்புக்கடைக்காரர் எழுந்தார்.

"அந்தத் தெருவுலதான் இந்தம்மாவோட வீடே இருக்கு. விதி என்னன்னு செயலாளர் சொல்லட்டும்."

செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு வேலையால் தனக்கோ, பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்களுக்கோ நேரடியாகப் பலன் கிடைக்குமானால், அந்த உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது. அவையை விட்டு வெளியே போய்விட வேண்டும். இத்தனை நாள் இதை யாரும் கிளப்பவில்லை. தோற்கப்போகிற தீர்மானத்துக்கு எவன் மெனக்கெட்டு விதியைத் தேடுவான்?

அவள் போனால் ஆறுக்கு ஆறு. அப்போது மன்றத் தலைவர் வாக்குத்தான் கணக்கு. அந்த மனிதரோ, சமமாக வந்தால் "இருக்கறபடியே இருக்கட்டும்" என்று சொல்லி எழுந்துவிடுவார். வடிகால் அவ்வளவுதான்.

தையல்காரம்மாவுக்கு வாய் துறுதுறுத்தது. அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி யார் தெரியுமா? இதே இரும்புக்கடைக்காரரின் கூடப் பிறந்த தங்கச்சி! தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று, "எனக்குத் தங்கச்சியே கிடையாது" என ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒரு வார்த்தை சொன்னால் அவர் வாக்கும் போய்விடும். ஆனால் அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்: "அக்கா, சபையில என் பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க. தங்கச்சி இல்லைன்னு அண்ணன் இன்னொரு தடவை சொன்னா, என்னால தாங்க முடியாது."

தையல்காரம்மா வாயை மூடிக்கொண்டு வெளியே நடந்தாள். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கதவு மறுபடி திறந்தது. இரும்புக்கடைக்காரர் வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார்.

"என்ன, நான் அழறதை வேடிக்கை பார்க்க வந்தீங்களா?"

"விதி எனக்கும்தானேம்மா. என் தங்கச்சி வீடு அங்க இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கூடப் பிறந்தவங்கன்னு அவரு வாசிச்சாரு. கேட்டுட்டுக் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்க முடியல."

சற்று நேரத்தில் கடைநிலை ஊழியர் தலையை நீட்டினார். "அம்மா, ஆறுக்கு அஞ்சு! உங்க வடிகால் பாஸ்!"

"சந்தைக்காரங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க" என்றார் இரும்புக்கடைக்காரர்.

"வேலை ஆரம்பிக்கற அன்னைக்கு வாங்கண்ணே. அவ வீட்டைக் காட்டறேன்."

"தெரியும். நீலக் கதவு. பெரிய மழைன்னா தெருமுனை வரைக்கும் வந்து பார்த்துட்டுப் போவேன்."

வந்த கோபத்தில் அவள் எழுந்தே விட்டாள். "அடப்பாவி மனுஷா! பிள்ளையைத் தோள்ல வச்சுக்கிட்டு அவ தண்ணியில நின்னதைப் பார்த்துட்டா இங்க வந்து எதிர்த்துக் கை தூக்கினீங்க?"

"ஆதரிச்சா தங்கச்சிக்காகன்னு சொல்லுவாங்களே. வீம்பும்மா."

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? போய் அந்தக் கதவைத் தட்டிச் சொல்லுங்க. இன்னைக்கே."

அவர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்துவிட்டார். "திறப்பாளா?"

தையல்காரம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தெரியாதுண்ணே. பக்கத்துலதான் நான் இருக்கேன். அவ திறக்கற வரைக்கும் நம்ம வீட்டுல உட்காருங்க."