காய வைக்காத வில்லை

அடையாறில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் துறைத் தலைவராக இருந்த ஆஸ்டினுக்குப் பொறுமை கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு கோட்டு. பத்திரிகைக்காரர்கள் வரும் நாளில் ஆய்வகத்துக்குள்ளும் அதைக் கழற்ற மாட்டார். அவரிடம் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ரூபீனாவுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

பட்டினப்பாக்கத்துக்கு எதிரே கடலடியில் அள்ளிய சேற்றில் வாழும் பாக்டீரியாக்களிடம் மருந்துக்கு ஆகிற சரக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுதான் அவர்கள் வேலை. ஆஸ்டினின் செல்லக் கிருமி ஒரே ராத்திரியில், கிருமி வளர்க்கும் வட்டத் தட்டு முழுக்கப் பரவிவிடும். அதன் சாற்றை மெத்தனால் என்கிற எரிசாராயத்தில் கரைத்து, சின்னக் காகித வில்லையை அதில் நனைத்து, நோய்க்கிருமி பூசிய தட்டில் வைப்பார். வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வட்டம் விழும். வில்லையைக் காய வைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெத்தனாலே கொன்றுவிடும் என்பது முதலாண்டுப் பிள்ளைக்கும் தெரியும். "காய வெச்சா எஃபெக்ட் போயிடும்மா" என்பார் அந்த மேதை. காய்ந்தால் போய்விடுகிற மருந்தை எந்த நோயாளிக்குக் கொடுப்பதாக உத்தேசமோ.

ரூபீனாவின் கிருமி வேறு ரகம். கடல்நீர் கலந்து செய்த தட்டில் மூன்று வாரம் கழித்துத்தான் குன்றிமணி அளவுக்குத் தலைகாட்டும். ஆனால் அதன் சாறு காய்ந்த வில்லையிலும் வேலை செய்தது. அவளுடைய பட்டமே அதை நம்பித்தான் இருந்தது. காட்டப் போனபோது ஆஸ்டின் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மருந்து கம்பெனியிலிருந்து காமாக்ஷி என்ற விஞ்ஞானி வரப்போகிறார் என்றதும் ஆஸ்டின், தட்டுகளைச் சூடாக வைத்திருக்கும் இன்குபேட்டரைத் திறந்து மூக்கைச் சுளித்தார்.

"வளராத குப்பையெல்லாம் எதுக்கும்மா? எடுத்து வெச்சிருக்கற ஸ்டாக்கோட சேத்து ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சிடு. என் தட்டுக்கு இடம் வேணும்."

"சார், இது போனா வேற கிடையாது."

"சொன்னதச் செய்."

பக்கத்திலேயே நின்று, அந்தப் பெரிய நீராவிக் குக்கரின் மூடியைத் திருகவைத்தார். ரூபீனாவுக்கு அழுகைகூட வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அன்று மாலை, தன் கிருமியிலிருந்து முன்பே எடுத்ததில் மிச்சமிருந்த துளிச் சாற்றையும் கொண்டு, விருந்தாளிக்குக் காட்டவேண்டிய தட்டில் ஒன்றுக்கு மூன்றாக வில்லைகளை வைத்தாள்.

மறுநாள் காமாக்ஷி தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "மூணு வட்டம் இருக்கே. எது எது?"

"முதல்ல இருக்கறது சார் கண்டுபிடிச்சது மேடம். ரெண்டாவது வெறும் மெத்தனால்."

இரண்டு வட்டமும் ஒரே அளவு. ஆஸ்டின் கர்ச்சீப்பைத் தேடினார்.

"மூணாவது?"

"அது காய வெச்ச வில்லை. வேற கிருமி."

காமாக்ஷி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இதுன்னா சமாச்சாரம். அந்தக் கிருமியை உயிரோட, கல்ச்சரா குடுத்தேள்னா இன்னிக்கே எடுத்துண்டு போறேன்."

ஆஸ்டினுக்குப் போன உயிர் திரும்பியது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லாம் என் ஐடியாதான் மேடம். ரூபீனா, நம்ம கல்ச்சரை எடுத்துட்டு வாம்மா."

ரூபீனா மூலையிலிருந்த குப்பைப் பையைத் தூக்கிவந்து அவர் முன்னால் மேஜைமேல் வைத்தாள். உள்ளே எல்லாம் கூழாகிக் கிடந்தது.

"நேத்து நீங்க நின்னு பாத்தீங்களே சார். நல்லா வெந்திருக்கு."