எல்லாருக்கும் ஒரே சட்டி

ஏழு மாசமா எங்க வீட்டு சாப்பாட்டு மேஜை மேல என் தையல் மெஷின்தான் உக்காந்திருந்துச்சு. கடையில முடியாத ஆல்டரேஷன் வேலையை வீட்டுக்குக் கொண்டு வர்றது என் வழக்கம். முன்னெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு மெஷினைத் தூக்கி ஓரமா வெச்சுடுவேன். அப்புறம் தூக்க அவசியமே இல்லாமப் போச்சு. என் வீட்டுக்காரர் ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு சாப்பிடுவாரு, நான் சமையல்கட்டுல நின்னுகிட்டே ரெண்டு வாய் போட்டுக்குவேன். இருபத்திரண்டு வருஷத்துல, சண்டை போட்ட நாள்ல கூட நாங்க ஒண்ணா உக்காந்துதான் சாப்பிட்டிருக்கோம். ஒருத்தரை ஒருத்தர் முறைச்சுக்கிட்டே சாப்பிடுவோம், அது வேற விஷயம்.

அவருக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க, ரேடியேஷன் கரண்ட் வெச்சாங்க. ஆளு பொழைச்சுட்டாரு. ஆனா முழுங்கறதை மறுபடியும் முதல்லேருந்து பழக வேண்டியிருந்துச்சு. தண்ணியா இருந்தா புரையேறும். கெட்டியா இருந்தா பாதியில நிக்கும். சரியான பதத்துல குடுத்தாலும் எப்பவாவது இருமல் வந்து, கண்ணு கலங்கி, வாயோரம் வழிஞ்சுடும். அதை யாரும் பாக்கக் கூடாது அவருக்கு. நான் கூடத்தான். கட்டின பொண்டாட்டிகிட்ட என்னங்க வெக்கம்னு நாலு தடவை கத்திப் பாத்தேன். அஞ்சாவது தடவை கதவுக்குத் தாழ்ப்பாளே போட்டுட்டாரு.

அவரு லிஃப்ட் மெக்கானிக். அவரோட சேத்து அந்த டீம்ல ஆறு பேர். அவரு ஆஸ்பத்திரியில கிடந்த அஞ்சு வாரமும் மத்த அஞ்சு பேரும் முறை வெச்சுக்கிட்டு வந்தாங்க. வேலை முடிஞ்சு, கிரீஸ் கையோட, வார்டு வாசல் பெஞ்சுல யாராவது ஒருத்தர் உக்காந்திருப்பாங்க. நான் வீட்டுக்குப் போய் குளிச்சதும் ஒரு மணி நேரம் கண்ணை மூடினதும் அவங்க புண்ணியம். அவரு இடத்துக்கு வேற ஆள் வந்துடக் கூடாதுன்னு அவரு ஷிஃப்ட்டையும் அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கிட்டாங்க. ஏழு மாசம். ஒருத்தர் முகம் சுளிச்சு நான் பாக்கல. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும், ஊருக்கே தெரியும், ஆனா அந்த அஞ்சு பேரை நினைச்சா மட்டும் மனசு அப்படியே இளகிடும்.

அடுத்த மாசம் அவரு வேலைக்குத் திரும்பணும். மதியத்துக்கு என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்.

"வண்டிக்குள்ள உக்காந்து சாப்பிட்டுக்கறேன்" அப்படின்னாரு.

பதினாறு வருஷமா ஒண்ணா சாப்பிட்ட கூட்டத்தை விட்டுட்டு வண்டிக்குள்ள. நான் விடல.

"அவங்களை ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்குக் கூப்பிடறேன். நன்றி சொல்ல வேண்டாமா?"

"கூப்பிடு. கை குடுக்கறேன், பேசறேன். சாப்பிட மட்டும் என்னைக் கூப்பிடாதே."

சரி, கூப்பிடலன்னு வாக்குக் குடுத்தேன். இங்கதான் என் மூளை வேலை செய்ய ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில அவருக்கு முழுங்கப் பயிற்சி குடுக்கற அம்மா ஒரு சோதனை சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஸ்பூன்ல எடுத்துச் சாய்க்கணும். ஒழுகக் கூடாது, ஒட்டிக்கிட்டும் நிக்கக் கூடாது. ஒரே கட்டியா, வழுக்கிக்கிட்டு விழணும். நான் எதைப் பாத்தாலும் ஸ்பூனைச் சாய்க்க ஆரம்பிச்சுட்டேன். எங்க கடை முதலாளியம்மா வீட்டு விருந்துல ஸ்லோ குக்கர்ங்கற மின்சாரச் சட்டியில சூடா ஒரு சீஸ் டிப் வெச்சிருந்தாங்க. ஆளாளுக்கு ரொட்டித் துண்டை முக்கித் தின்னுட்டிருந்தாங்க. நான் ஒரு ஸ்பூன் எடுத்துச் சாய்ச்சேன். தொப்புன்னு ஒரே கட்டியா விழுந்துச்சு. மறுபடி எடுத்தேன், மறுபடி தொப்பு. சுத்தி இருந்தவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. பாத்துட்டுப் போகட்டும். அவருக்குன்னு தனியா கூழாக்காம, எல்லாரும் ஆசையா திங்கற ஒரு சாப்பாடு, பொறக்கும்போதே அவரு பதத்துல பொறந்திருக்கு.

முதலாளியம்மாகிட்ட பக்குவம் கேட்டு எழுதிக்கிட்டேன். ரெண்டு தடவை யாருக்கும் தெரியாம செஞ்சு பாத்தேன். கொத்துக்கறியை வெங்காயம், பூண்டு, தக்காளியோட வதக்கி, மிக்ஸியில ரெண்டு சுத்து விட்டு மையா அரைக்கணும். சிவப்பு பீன்ஸை வேக வெச்சுத் தோல் இல்லாம மசிக்கணும். க்ரீம் சீஸும் பாலும் சேத்து, சின்ன சூட்டுல மூணு மணி நேரம். சூட்டைக் கூட்டினா சீஸ் திரிஞ்சு எண்ணெய் தனியா நிக்கும், முதல் தடவை பட்ட பாடு அது. கடைசியா, நூல் விடாம கரையற மெத்து சீஸ். பீட்ஸாவுல போடற சீஸ் ஆகவே ஆகாது. அது நூல் நூலா இழுக்கும். அந்த நூல் தொண்டையில பாதி உள்ள, பாதி வெளியன்னு நின்னுதுன்னா அவரு உசுரு போயிடும்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பத்து மணிக்கு எல்லாத்தையும் போட்டு மூடினேன். ஸ்லோ குக்கர் என் தங்கச்சியோடது. அதை இரவல் குடுத்த உரிமையில அவளும் காலையிலயே வந்துட்டா. நல்ல மனசு, நீளமான கை. எந்தச் சட்டி மூடியிருந்தாலும் திறந்து பாக்கலன்னா அவளுக்குத் தூக்கம் வராது.

"மூடியைத் தொடாதடி. திறந்தா சூடு போயிடும்" அப்படின்னு சொல்லிட்டு மெஷினைத் தூக்கி ரூம்ல வெக்கப் போனேன். திரும்பி வந்தா, காலி பாக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கறா.

"அக்கா, உன் டிப்புல நூலே வரல. நூல் வந்தாத்தானே சீஸ். அதான் நான் வாங்கிட்டு வந்த பீட்ஸா சீஸை முழுசா கொட்டிட்டேன்."

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அடுத்த நிமிஷம் வாய் ஓடுச்சு. என்ன சொன்னேன்னு எழுத முடியாது. அவ பிறந்ததுலேருந்து பண்ணின அத்தனை தப்பையும் வரிசையா எடுத்து வெச்சேன். பேசிக்கிட்டே மூடியைத் திறந்தேன். நல்லவேளை, சீஸ் மேலாகத்தான் கிடந்துச்சு. ஓரம் மட்டும் உருக ஆரம்பிச்சிருந்துச்சு. கரண்டியாலயும் கையாலயுமா மேல் பாகத்தை அப்படியே வழிச்சு எடுத்தேன். விரல் ரெண்டும் கொப்புளிச்சுப் போச்சு.

"ஒரு பாக்கெட் சீஸுக்கு இவ்வளவு பேச்சாக்கா?" அவ கண்ணுல தண்ணி.

அப்பத்தான் உறைச்சுது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தாரு, நானும் வாயைத் திறக்கல. வீட்டுல கதவு மூடியிருக்கறதை, மாமாவுக்கு ரெஸ்ட்டு வேணும்னு சொல்லியே சமாளிச்சிருந்தேன். இப்ப எல்லாத்தையும் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே நின்னா. அப்புறம் மிச்சம் இருந்த பீன்ஸை எடுத்து, வழிச்சு எடுத்த அளவுக்கு ஈடா, தோல் ஒண்ணு விடாம மசிச்சுக் குடுத்தா. அன்னிக்கு அவ மசிச்ச மாதிரி நான் என் வாழ்க்கையில மசிச்சதில்ல.

வழிச்சதுல பாதி சூடு போயிருந்துச்சு. ஒரு மணிக்குக் கூட்டம் வந்துடுச்சு, என் ஸ்பூன்ல டிப் இன்னும் ஒழுகிக்கிட்டு இருக்கு. வாசல்லேயே ரேடியோ சத்தம் கேட்டுச்சு. ரேடியோன்னா அவரோட ஜோடி மெக்கானிக், எங்க வீட்டுக்காரருக்கு வலது கை மாதிரி. தூங்கும்போது மட்டும்தான் வாய் மூடும், அதுவும் அவன் பொண்டாட்டி ஒத்துக்கல.

"அண்ணி, வாசனை மூணாவது மாடிக்கு வருது. லிஃப்ட்டு வேற நல்லா ஓடுது, யாரு சர்வீஸ் பண்ணினதோ" அப்படின்னு அவனே சொல்லி அவனே சிரிச்சான்.

இருபது நிமிஷம் அவங்களைப் பேச விட்டேன். அது ஒண்ணும் கஷ்டமில்ல. நடுவுல நடுவுல போய் ஸ்பூனைச் சாய்ச்சேன். ஆறாவது தடவை, தொப்பு. என் தங்கச்சி பக்கத்துல நின்னு மூச்சு விட்டா.

சட்டியோட கொண்டு போய் மேஜை நடுவுல வெச்சேன். சுத்தி ரொட்டி, சிப்ஸ், வேக வெச்ச உருளைக்கிழங்கு. எல்லாருக்கும் ஒரு கிண்ணம், ஒரு ஸ்பூன். ஸ்பூன்ல திங்கறவரு இவரு ஒருத்தர் மட்டும்னு ஆகிடக் கூடாது, அதான் கணக்கு. அவரு பேச்சை முடிச்சுக்கிட்டு ரூம் வாசலுக்குப் போய் நின்னு பாத்தாரு. நான் அவரைக் கூப்பிடல. வாக்குக் குடுத்திருந்தேன். ஒரு கிண்ணத்துல எடுத்து, அவரு முன்னாடி ஸ்பூனைச் சாய்ச்சுக் காட்டினேன்.

அவரு அதைப் பாத்தாரு. சட்டியைப் பாத்தாரு. எல்லாரும் அதே சட்டியிலேருந்து எடுக்கறதைப் பாத்தாரு. என்னை ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, இருபத்திரண்டு வருஷத்துல அப்படி ஒரு பார்வை நான் வாங்கினதில்ல. வந்து உக்காந்தாரு.

ரேடியோ ஏதோ ஒரு கிழவரோட நாய் லிஃப்ட்டுல மாட்டின கதையைச் சொல்லிக்கிட்டிருந்தான். இவரு தலையைக் குனிஞ்சு, மெதுவா, ஒரு வாய். இறங்குச்சு. ரெண்டாவது வாய். அதுவும். எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. நாலாவது வாயில இருமல் வந்துடுச்சு.

லேசா இல்ல. முகம் செவந்து, கண்ணுல தண்ணி கொட்டி, வாயோரம் வழிஞ்சு, அவரு எதைக் காட்டக் கூடாதுன்னு ஏழு மாசம் தாழ்ப்பாள் போட்டாரோ அது மொத்தமும் அஞ்சு பேர் முன்னாடி. ஓடிப் போய் முதுகைத் தடவணும்னு எனக்குக் கால் பரபரத்துச்சு. அவங்கள்ல ஒருத்தர் ஐயோ பாவம்னு சொல்லிட்டா போதும், இவரு எழுந்து போயிடுவாரு, இனி வரவே மாட்டாரு.

யாரும் சொல்லல. ரேடியோ நாய்க் கதையை நடுவுல நிறுத்திட்டு ஸ்பூனைக் கீழ வெச்சான். மத்த நாலு பேரும் வெச்சாங்க. தண்ணி நீட்டல, எழுந்திரிக்கல, கண்ணையும் திருப்பிக்கல. ரெண்டு கையையும் மேஜை மேல விரிச்சு வெச்சுக்கிட்டு, அவரையே பாத்துக்கிட்டு அப்படியே இருந்தாங்க. எவ்வளவு நேரம்னு தெரியல. அவரு ஒரு வழியா செருமி, முழுங்கி, துண்டால வாயைத் தொடச்சாரு.

"வெளிய வந்துட்டேன்" அப்படின்னாரு.

"சரிண்ணே" அப்படின்னு அஞ்சு பேரும் ஸ்பூனை எடுத்தாங்க. நாய் லிஃப்ட்டுக்குள்ள திரும்பிப் போச்சு, கதை ஓடுச்சு.

என் தங்கச்சிக்குப் பொறுக்கல. "ஏன் எல்லாரும் அப்படிச் சிலை மாதிரி உக்காந்துட்டீங்க?"

"லிஃப்ட்டுக்கு அடியில பள்ளத்துல ஆள் இறங்கியிருந்தா, மேல இருக்கறவன் எதையும் தொடக்கூடாதும்மா" அப்படின்னான் ரேடியோ. "பேசக் கூடாது, வேற பக்கம் பாக்கக் கூடாது. வெளிய வந்துட்டேன்னு அவர் வாயால சொல்லணும். அதுக்கப்புறம்தான் சுவிட்ச்சு. அண்ணன் கத்துக் குடுத்ததுதான். கை தானா நின்னுடுச்சு."

அவங்களுக்கு நன்றி சொல்லத்தானே கூப்பிட்டேன். மறுபடியும் அவங்கதான் குடுத்துட்டாங்க. இந்த அஞ்சு பேரும் நல்லா இருக்கணும், அவங்க புள்ளைகுட்டிங்க நல்லா இருக்கணும்னு சமையல்கட்டு வாசல்ல நின்னு மனசார வேண்டிக்கிட்டேன். அவருக்கு அப்புறமும் ரெண்டு தடவை இருமல் வந்துச்சு. ரெண்டு தடவையும் ஸ்பூன் எல்லாம் கீழ இறங்குச்சு, மேல ஏறுச்சு. கிண்ணம் காலியாகி இன்னொரு கிண்ணம் அவரே எடுத்துக்கிட்டாரு.

"ஏம்மா" அப்படின்னு கூப்பிட்டாரு. "நீ எப்ப சாப்பிடப் போற?"

"நான் அப்புறமா..."

"என்ன அப்புறமா? ஏழு மாசமா நின்னுகிட்டே திங்கற. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா. கதவு மூடியிருந்தாலும் காது கேக்கும். வா, உக்காரு." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாரு.

உக்காந்தேன். ரொட்டியை முக்கி ஒரு வாய் வெச்சேன். முழுங்க முடியல. இத்தனை பேர் முன்னாடி வாய் நிறைய சாப்பாட்டோட குலுங்கிக் குலுங்கி அழறேன். அடங்க மாட்டேங்குது. கண்ணைத் தொடச்சுக்கிட்டுப் பாத்தா, என் வீட்டுக்காரர் ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு, ரெண்டு கையையும் மேஜை மேல விரிச்சு, என்னையே பாத்துக்கிட்டு இருக்காரு.

எப்படியோ முழுங்கினேன்.

"வந்துட்டேங்க" அப்படின்னேன்.

அதுக்கப்புறம்தான் அவரு ஸ்பூனை எடுத்தாரு.