அடலின் அம்மாவுக்கு எழுதியது

ஃபானி ஊருக்கு வந்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு வரி பாடவில்லை. நாளை மாலை இந்தச் சர்ச் மண்டபத்தில் அவளுடைய கச்சேரி. அப்பா லூதோவிக் பிரெஞ்சு ராணுவத்தில் தன்னோடு வேலை பார்த்த நண்பர்கள் எல்லோரையும் அழைத்துவிட்டார். பிரான்சில் ஓப்பரா அரங்கில் பாடுகிற மகள் என்று அழைப்பிதழிலேயே போட்டிருந்தார். அவரிடம் ஒன்று சொல்லத்தான் அவள் முன்கூட்டியே வந்தாள். வாய் வரவில்லை.

வெளியே ஐப்பசி மழை. மண்டபத்தில் லூதோவிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாட்டுகளுக்கு நடுவே வாசிக்கவேண்டிய கடிதங்களை ஒத்திகை பார்த்தார். நூற்று முப்பது வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் பாடப் போன கறுப்பின அமெரிக்கப் பெண் அடலின் எழுதியவை. தமிழில் ஆக்கியது ஃபானி.

"அம்மா, சுவரொட்டியில் என் பெயரைவிட என் நிறத்தைத்தான் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஆனாலும் நேற்று மூன்று முறை மறுபடி பாடச் சொன்னார்கள்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போன மாசம் நீயும் இதையேதானம்மா எழுதின."

"அது பொய்ப்பா. அந்த ஊர்ப் பழைய பேப்பரத் தேடிப் பாத்தேன். டிக்கெட் விக்கலன்னு அன்னைக்கு அரங்கத்தப் பூட்டிட்டாங்க."

"அப்புறம் ஏன் அப்படி எழுதுனா?"

"அம்மா எதிர்பாப்பாங்கல்ல."

லூதோவிக் தாளை மடித்தார். "நாளைக்கு இந்தக் கடுதாசி வேணாம்."

அப்பாவின் தங்கை ஜாக்லின் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். "என்ன அண்ணே, உம் பொண்ணு குரல ஏர்போர்ட்லயே விட்டுட்டு வந்துட்டாளா? ரெண்டு நாளா வீட்டுல ஒரு சத்தத்தையும் காணோம்."

ஃபானி எழுந்து அத்தையின் பின்னால் போய் நின்றாள். இரு தோள்களிலும் விரல் நுனியை வைத்து மழைக்கோட்டைக் கழற்றினாள். ஜாக்லினுக்குக் கையைத் தூக்கும் வேலைகூட இல்லை. உள்பக்கம் வெளியே வர மடித்து, முழங்கையில் போட்டு, ஆணியில் மாட்டினாள். பிறகு அவள் கை, எண் போட்ட சீட்டை எடுக்கப் பாவாடைப் பையைத் துழாவியது. பை காலியாக இருந்தது.

"நல்லா பழகியிருக்கியேடீ," என்று அத்தை சிரித்தாள்.

லூதோவிக் சிரிக்கவில்லை. மகளின் கையையே பார்த்தார்.

"இதெல்லாம் எங்கமா பழகின?"

மழை கொஞ்சம் ஓயட்டும் என்று ஃபானி பார்த்தாள். ஓயவில்லை.

"ஓப்பராவுலதான்ப்பா. ரெண்டு வருஷமா வாசல்ல நின்னு, பாட்டு கேக்க வர்றவங்க கோட்ட வாங்கி மாட்டி, நம்பர் சீட்டு குடுத்துட்டிருக்கேன். நான் அங்க ஒருநாளும் பாடுனதில்ல."